துரைசாணியின் விரதப் பாண்

புதுத் துரைசாணி, துரையின் மனைவி, முட்டை தின்னமாட்டார் என்ற செய்தி வந்தபோது, எங்கள் தோட்டத்தில் முதலில் சந்தோஷப்பட்டவை பங்களாக் கோழிகளாகத்தான் இருக்கவேண்டும். மறுநாள் அவர் இறைச்சியும் தின்னமாட்டார் என்று தெரிந்தது. அதற்கு மறுநாள் மீன். பிறகு பாலும் வெண்ணெயும். ஒரு வாரம் முடிவதற்குள் சீனியும் கூடாது என்று வந்துவிட்டது. வெள்ளைச் சீனியை எலும்புக் கரியில் வடித்துத்தான் வெளுக்கிறார்களாம். அதனால் அதுவும் மாட்டிறைச்சிக்குச் சமானமாம்.

பங்களாவில் சமைக்கிறவரை அப்பு என்போம். அப்போதிருந்த அப்பு இருபது வருஷமாக மூன்று துரைமாருக்கு மாட்டுத் தொடையை வாட்டிப்போட்டுப் பெயர் வாங்கியவர். புதுத் துரைசாணி வந்த எட்டாம் நாள் அவர் குடையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "இந்த வீட்டுக்கு அப்பு எதுக்கு? புல்லு அறுக்க ஒருத்தன் இருந்தா போதும்" என்று சொல்லிவிட்டுக் கினிகத்தேனைப் பக்கமாக நடந்து போய்விட்டார். அவருக்குக் கீழே ஆறு வருஷமாகத் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தவர் என் மாமா. தட்டுக் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில்தான் அடுப்பு இருந்தது. ஆகையால் மாமா அன்றைக்கே அடுப்புக்கு நகர்ந்துவிட்டார்.

மாமா அம்மாவின் தம்பி. நாங்கள் எல்லோரும் லயத்து வரிசை வீடுகளில் ஒரே அறைக் காம்பராவில் இருந்தோம். அம்மா, அப்பா, நான், எனக்கு ஏழு வருஷம் பிந்திப் பிறந்து இடுப்பை விட்டு இறங்காத என் தம்பி, சாக்குத் திரைக்கு அந்தப் பக்கம் மாமா. மழை பெய்தால் திரைக்கு இந்தப் பக்கம் ஒழுகும். பெருமழை என்றால் இரண்டு பக்கமும் ஒழுகும். நோட்டன் பிரிட்ஜில் ஆற்றை மறித்து எடுத்த மின்சாரம் எங்கள் லயத்துக் கூரைக்கு மேலேயே கம்பியில் ஓடிக் கொழும்புக்குப் போனது. எங்களுக்குக் குப்பி விளக்கு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது. மின்சாரம் கொழும்புக்காரர்களுக்கு வருகிற ஒருவகைக் காய்ச்சல் என்றுதான் நினைத்திருந்தேன்.

துரைசாணி ஏன் எதையும் தின்பதில்லை என்று பங்களாவில் யாரும் கேட்கவில்லை. லயத்தில் கேட்டார்கள், பதிலையும் அவர்களே சொல்லிக்கொண்டார்கள். கவுச்சி இல்லை. காலையில் செருப்பில்லாமல் புல்லில் நடக்கிறார். கல்யாணமாகி ஆறேழு வருஷம் இருக்கும் என்கிறார்கள், மடியில் பிள்ளை இல்லை. இதற்கு மேலும் யோசிக்க என்ன இருக்கிறது? விரதம். பிள்ளை வரம் கேட்டுக் கதிர்காமத்துக் கந்தனுக்கு இருக்கிற விரதம்.

"வெரதத்துல பாலு சாப்பிடலாமே" என்று அப்பா ஒருமுறை சந்தேகம் கிளப்பினார்.

"நம்ம வெரதத்துல சாப்பிடலாம்" என்றார் அம்மா. "வெள்ளக்காரங்க எதச் செஞ்சாலும் கடுசாத்தான் செய்வாங்க. காலையில பெரட்டுக்கு அஞ்சு நிமிசம் பிந்துனா அரப் பேருன்னு பாதிச் சம்பளந்தானே போடுறாங்க?"

அதோடு அப்பா அடங்கிவிட்டார். துரைசாணி லயத்துப் பக்கம் உலாவ வரும் நேரத்தில் யாரும் கருவாடு சுடுவதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வந்தது. கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் பங்களா வாசல் படலைக்கு வெளியே வெற்றிலையும் மஞ்சளும் வைத்துவிட்டுப் போனார்கள். யாரோ ஒரு புண்ணியவதி, படலைக்குப் பக்கத்திலிருந்த கொய்யா மரத்தில் மஞ்சள் துணியில் ஒரு சின்னத் தொட்டில் கட்டிவிட்டாள். துரைசாணி அதைக் குருவிகளுக்கு என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. தினமும் காலையில் ஒரு பிடி தானியத்தை அதில் போட்டுவிட்டுப் போனார். தொட்டிலில் தானியம் போடுகிற விரதம் இன்னும் கடுமையானது என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

இதற்கு நடுவில் மாமாவுக்கு ஒரு சங்கடம் இருந்தது. தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க் கணக்கின் கங்காணி மகளை அவர் கட்டிக்கொள்ள விரும்பினார். மடுவக் கொட்டகையில் கொழுந்து நிறுக்கிற நேரத்தில் அந்த அக்காவும் மாமாவைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொள்வதை நானே பார்த்திருக்கிறேன். பெண் கேட்டு அம்மா போனபோது கங்காணி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னது தோட்டம் முழுவதும் பரவியிருந்தது.

"பங்களா அப்புன்னா சொல்லு, நாளைக்கே பேசலாம். தட்டுக் கழுவுறவனோட நான் தட்டு மாத்த மாட்டேன்."

மாமா இப்போது அடுப்பில் நின்றாலும் அப்பு என்று பேர்ப் புத்தகத்தில் ஏறவில்லை. அதற்குத் துரை ஒரு பரீட்சை வைத்தார். அவருடைய தமிழ் வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மாமாவைக் கூப்பிட்டு, சுட்டுவிரலை ஆட்டிச் சொன்னாராம்: "வாற ஞாயித்துக்கிழமை நாலு தொரை வரும். டீ குடிக்கும். தொரசாணி சொல்ற பழப் பாண் செய். பாண் நல்லது, நீ அப்பு. பாண் கெட்டது, நீ கவ்வாத்து."

கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டி மட்டம் செய்கிற வேலை. அப்பா செய்ததும் அதுதான். மாமா வீட்டுக்கு வந்து அப்பாவின் கத்தியை எடுத்துக் கனம் பார்த்துவிட்டுத் திரும்பவும் கூரையில் செருகியதை நான் கவனித்தேன்.

பழப் பாண், அதாவது பழம் போட்ட பேக்கரி ரொட்டி, செய்யும் விதத்தைத் துரைசாணி தானே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு குசினிக்கு வந்து காட்டினார். பேரீச்சம்பழத்தையும் பிளம்ஸ் என்கிற உலர்ந்த திராட்சையையும் சாயம் இறங்கிய கட்டன் தேத்தண்ணியில் ராத்திரி ஊறப்போட வேண்டும். கஜு என்கிற முந்திரிப்பருப்பைத் தட்டிப் போட வேண்டும். தவிடு போகாத மா, நன்றாகக் கனிந்த வாழைப்பழம், தேங்காய்ப்பால். சீனிக்குப் பதிலாகக் கித்துள் கருப்பட்டி. எல்லாவற்றையும் பிசைந்து, தேங்காயெண்ணெய் பூசிய தகர டின்னில் அடைத்து, போறணை அடுப்பில் வைத்தால் அரை மணி நேரத்தில் எழும்பி வரவேண்டும். எழும்பவில்லை. துரைசாணி செய்ததே எழும்பவில்லை. அட்டன் டவுனிலிருந்து வாங்கி வந்த பேக்கிங் பவுடர் எங்கள் மழையில் நமுத்துப்போயிருந்தது. முட்டை அடித்துப் போட்டால் எழும்பும் என்று மாமா சாடையாகச் சொன்னார். துரைசாணி திரும்பிப் பார்த்த பார்வையில் மாமாவே நமுத்துப்போனார்.

அந்த வாரம் மாமா தினம் ஒரு பாண் சுட்டார். முதலாவதைப் பங்களா நாய் முகர்ந்து பார்த்து, எலும்பைப் புதைப்பதுபோல ரோஜாச் செடிக்கு அடியில் புதைத்தது. இரண்டாவதில் ஆப்பச் சோடாவை அள்ளிப் போட்டதில் அது மஞ்சளாகிச் சவர்க்காரம்போல மணத்தது. மூன்றாவது எங்கள் காம்பராவுக்கு வந்தது. விரதக்காரிக்குச் செய்த பலகாரத்தை நாம் தின்னலாமா என்று அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் வேண்டாம் என்று தள்ளியதால் தின்னலாம் என்று முடிவாயிற்று. அப்பா கவ்வாத்துக் கத்தியால் வெட்டிக் கொடுத்தார். ரேஷன் கூப்பன் மாவு ரொட்டியும் மிளகாய்ச் சம்பலும் தின்று வளர்ந்த எனக்கும் தம்பிக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. நாங்கள் பறித்த தேயிலையின் நல்ல சாயத்தை நான் முதன்முதலில் ருசி பார்த்தது அந்தப் பிளம்ஸ்களின் வயிற்றில்தான். லயத்துக்குக் கிடைப்பது தூசித் தேயிலை. இந்தப் பரீட்சை ஒரு வருஷம் நடந்தாலும் நல்லது என்று நான் வேண்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் திடீரென்று எழுந்தார். நோட்டன் பிரிட்ஜ் கடைத்தெருவில் ஆப்பம் சுடுகிற கிழவி மாவில் என்ன ஊற்றுகிறாள் என்பது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நாளைக்கு என்கூட கருப்பட்டி வாங்க வாறியா? அப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோற போத்தல எடுத்துக்க. ஒங்கம்மாகிட்ட மட்டும் மூச்சு விடக்கூடாது. பொறவு ஒரு பாண் முழுசா ஒனக்கு."

முழுப் பாணுக்காக நான் அப்போது எதற்கும் மூச்சை அடக்கியிருப்பேன்.

கீழே இருந்த சிங்களக் கிராமத்தில் கித்துள் மரம் ஏறுகிற ஒருவர் வீட்டில்தான் பங்களாவுக்குக் கருப்பட்டி வாங்குவது. மாமா கருப்பட்டியை வாங்கிக் கட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமி, "அய்யே, ரா டிகக் தென்ன" என்றார். அண்ணே, கொஞ்சம் கள்ளுக் கொடுங்கள் என்று அர்த்தம். குடிக்கவா என்று அவர் கேட்டார். இல்லை, கேக்குக்கு என்றார் மாமா.

"கேக் எகடத? பிஸ்ஸுத மல்லி?" என்று அந்த மனிதர் வீட்டுக்குள் பார்த்துச் சிரித்தார். கேக்குக்கா, பைத்தியமா தம்பி என்று கேட்கிறார். அவர் மனைவியும் வெளியே வந்து மாமாவைப் பார்த்துவிட்டுப் போனாள். ஆனாலும் காலையில் இறக்கிய கள்ளைப் போத்தல் நிறைய ஊற்றி, கார்க்கை இறுக்கி அடைத்துக் கொடுத்தார்.

தோட்டத்துக்குள் கள்ளுக் கொண்டுவரக்கூடாது என்பது துரையின் உத்தரவு. எல்லையில் வாச்சர் ஒருவர் தலைப்பாகையும் மீசையுமாக உட்கார்ந்து ஆண்களின் கையைப் பார்ப்பார். அதனால்தான் போத்தல் என் கையில் இருந்தது. மாமா நூறு அடி பின்னால், என்னை யாரென்றே தெரியாதவர்போல மரத்து இலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"என்னாடி போத்தல்ல?" என்றார் வாச்சர்.

"அப்பாவுக்குத் தேத்தண்ணி" என்றேன்.

ஏற்றத்தில் குலுங்கி வந்த கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்ததுபோலப் பட்டென்று கார்க்கைத் தள்ளியது. அது வாச்சரின் தலைப்பாகையில் பட்டுக் கீழே விழுந்தது. நுரை பொங்கி என் கையிலும் பாவாடையிலும் வழிந்தது. எனக்கு அழுகை வந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். மாமா ஒரு வேலிக்குப் பின்னால் இல்லாமலே போயிருந்தார்.

வாச்சர் போத்தலை வாங்கி முகர்ந்தார். "ஒங்கப்பன் குடிக்கிற தேத்தண்ணிய நானும் ஒரு வாய் பாக்குறேன்" என்று அண்ணாந்து நாலு வாய் குடித்தார். மீசையைத் துடைத்தார். கார்க்கைப் பொறுக்கித் தானே அடைத்துத் தந்தார்.

"சீனி கொஞ்சம் பத்தாது. மத்தபடி நல்ல சாயம். ஓடு."

முக்கால் போத்தல் மிஞ்சியது. அது போதுமாக இருந்தது. அன்று சாயங்காலம் மாமா குசினியில் கள்ளை ஊற்றி மாவைப் பிசைந்து அடுப்புக்குப் பக்கத்தில் ஈரத்துணி போட்டு மூடி வைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிளம்ஸில் காம்பு கிள்ள என்னைக் கூட்டிப் போயிருந்தார். துணியை எடுத்தபோது மாவு சட்டி விளிம்புக்கு மேலே தலையை நீட்டி எங்களைப் பார்த்தது. மாமா துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். பழங்களைக் கலந்து டின்னில் போட்டுப் போறணையில் வைத்தார். வெந்து வந்த பாண் கருஞ்சிவப்பாக, முதுகு வளைந்து, நடுவில் ஒரு வெடிப்போடு, பேக்கரிப் பாணைவிட உயரமாக நின்றது. மாமா அதைத் தொட்டுப் பார்த்து விரலைச் சுட்டுக்கொண்டார். சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தார். அப்படிச் சிரித்ததில் அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. "தாயி, கங்காணி மூஞ்சிய இனிப் பாரேன்" என்றார்.

டீக்குத் துரைமார் வரத் தொடங்கியதும் நான் அந்தப் பெருமையோடு வீட்டுக்கு ஓடினேன். வாசலில் அம்மா தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கிட்டே இழுத்துத் தலையைத் தடவியவர், முந்தின நாள் உடுத்திய அதே பாவாடையை முகர்ந்தார்.

"என்னாடி நாத்தம் இது?"

மூச்சு விடக்கூடாது என்றுதான் மாமா சொல்லியிருந்தார். நான் விடவில்லை. ஆனால் அம்மா காதைப் பிடித்துத் திருகியபோது அது தானாகவே வெளியே வந்துவிட்டது. கிராமம், கித்துள் மரம், வாச்சரின் தலைப்பாகை, சட்டியில் மாவு பொங்கியது எல்லாம் சொன்னேன். அம்மா அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அடிக்கவில்லை. கையிலிருந்த சோற்றுக் கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தார். முகம் வெளுத்துவிட்டது.

"வெரதக்காரி வாயில கள்ளா?"

உள்ளே படுத்திருந்த அப்பா சிரித்தார். "வெள்ளக்காரங்க தெனம் பொழுது சாஞ்சா என்னா பாலா குடிக்கிறாங்க? அதுவும் போறணையில வெந்த கள்ளு. ஆவியாப் போயிருக்கும், சும்மா இரு."

"அவுங்க தெரிஞ்சு குடிக்கிறது வேற. வெரதத்துல இருக்கிறவளுக்குத் தெரியாம ஊட்டுறது வேற. ஊட்டுனவன் வீட்ல தொட்டில் ஆடாது."

"நீ இப்பப் போயிச் சொன்னா ஒந் தம்பி வேல போயிரும். கங்காணி மகளும் போயிரும். யோசிச்சிக்க."

அம்மா யோசித்தார். எவ்வளவு நேரம் என்று சொல்லமுடியாது, தம்பி கிண்ணத்திலிருந்து ஒரு பிடி சோற்றை எடுத்துக் கோழிக்குப் போட்டு முடிக்கிற நேரம் இருக்கும். பிறகு எழுந்தார்.

"வேல போனா மல வேல இருக்கு. அந்தப் புள்ள இல்லாட்டி வேற புள்ள. வம்சம் போனா எந்தக் கடையில போயி வாங்குறது?"

தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அம்மா ஓடினார். சாட்சிக்காக என்னைக் கூட்டிப்போனார் என்று நினைக்கிறேன். எனக்கு அழுகையாக வந்தது. பங்களாவில் மாமாவை வெளியே தள்ளுவார்கள், முழுப் பாண் போய்விடும்.

பங்களாவுக்கு முன்வழியாக எங்கள் லயத்திலிருந்து யாரும் போனதில்லை. அம்மா முன்வழியாகவே போனார். நாய் குரைத்துக்கொண்டு வந்து, எங்கள் வேகத்தைப் பார்த்து ஒதுங்கியது. புல்வெளிக்கு மேலே விறாந்தையில் வெள்ளைத் துணி விரித்த மேசை. நாலு துரைமார், அவர்களுடைய துரைசாணிமார். நடுவில் பாண், ஏற்கனவே பாதி வெட்டியிருந்தது. பழைய அப்பு விட்டுப்போன வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, அதற்குள் எங்கோ இருந்தார் மாமா. கையில் தட்டம். எங்கள் துரைசாணி ஒரு துண்டை எடுத்து வாய்க்குக் கொண்டுபோகிற நேரம்.

"அம்மா, சாப்பிடாதீங்க! வேணாங்க!" என்று அம்மா கீழே நின்று கத்தினார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் துரைக்குத் தெரிந்த தமிழ் இதற்குப் போதாது. பக்கத்துத் தோட்டத்துக் கிழட்டுத் துரை ஒருவர் எழுந்து விறாந்தை ஓரத்துக்கு வந்தார். முப்பது வருஷமாக மலையில் இருப்பவர். தமிழ் அவருக்கு எங்களைப்போலவே வரும், திட்டும்போது எங்களைவிட நன்றாக வரும்.

"ஏ பொம்பள, என்னா கூப்பாடு? நாங்க ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கிறது ஒனக்குப் பொறுக்கலியா?"

"மன்னிக்கணும் தொர. அந்தப் பாண்ல எந் தம்பி கள்ளு ஊத்தியிருக்கான்."

கிழட்டுத் துரை தன் கையிலிருந்த துண்டைப் பார்த்தார். "கள்ளா? அதானே பாத்தேன், மூணாவது துண்டுக்குக் கை தன்னால போவுதேன்னு!" அவர் அதை இங்கிலீஷில் சொன்னதும் மேசை முழுவதும் சிரிப்பு. எங்கள் துரை மட்டும் சிவந்துபோய் மாமாவைப் பார்த்தார். மாமா கையிலிருந்த தட்டத்தில் கோப்பைகள் கிடுகிடுவென்று ஆடின.

"கள்ளுன்னா இப்ப என்னா? தொரசாணி தின்னா தேயில கருகிப்போவுமா?"

"வெரதங்க தொர. அவுங்க வெரதத்துல இருக்காங்க."

"வெரதமா? என்னா வெரதம்?"

"புள்ள வரம் கேட்டு இருக்காங்களே, அதுங்க. கவுச்சி இல்ல, பாலு இல்ல, சீனி இல்ல, தோட்டமே பாத்துக்கிட்டுத்தானே இருக்கோம். கலஞ்சிருச்சின்னா அவுங்களுக்கும் ஆகாது, ஊட்டுனவனுக்கும் ஆகாது. அவன் தெரியாமச் செஞ்சிட்டான். வேலய வேணும்னா எடுத்துக்கிருங்க. அந்தத் துண்ட மட்டும் கீழ வைக்கச் சொல்லுங்க, சாமி."

கிழட்டுத் துரையின் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் உடனே மொழிபெயர்க்கவில்லை. கையிலிருந்த துண்டை மேசையில் வைத்தார். பிறகு எங்கள் துரைசாணியின் பக்கம் குனிந்து, மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காதபடி கொஞ்சம் சொன்னார்.  பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் துரை தேத்தண்ணிக்குள் எதையோ தொலைத்தவர்போலக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

துரைசாணி எழுந்தார். பாண் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே படியிறங்கிப் புல்லில் வந்தார். அடிக்க வருகிறார் என்று நினைத்து நான் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போனேன். அவர் அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றார். அவருக்குத் தெரிந்த பத்துத் தமிழ்ச் சொற்களில் தேடி, "வெரதம் இல்லே" என்றார். கொஞ்சம் பொறுத்து, "உனக்கு... பிள்ளே?" என்று கேட்டு விரல்களைக் காட்டினார்.

அம்மா வலது கையை எடுத்து நாலு விரல் காட்டினார்.

துரைசாணி என்னைப் பார்த்தார். இடுப்பிலிருந்த தம்பியைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்க்கவில்லை. அம்மாவின் விரல்களைத்தான் திரும்பப் பார்த்தார். பிறகு தன்னுடைய ஒரு விரலை உயர்த்திக் காட்டினார். அது நடுங்கியது. அந்தப் பங்களாவில் பூனைக்குட்டிகூடக் கிடையாது.

அவர் துண்டை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை அம்மாவிடம் நீட்டினார். மற்றப் பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். கள் என்று தெரிந்தும் அம்மா அதை வாங்கித் தின்றார். இரண்டு பேரும் புல்லில் நின்று மென்றுகொண்டிருந்தார்கள். நிறையக் கஜு போட்ட பாண், மெல்ல நேரம் எடுத்தது.

விறாந்தையில் கிழட்டுத் துரைதான் முதலில் பேசினார். "டேய், ஒன்ன இங்க வேலய விட்டு நிப்பாட்டுனா எங்க பங்களாவுக்கு வந்துரு. எங்க அப்புவுக்குக் கள்ள வயித்துக்குள்ள ஊத்தத்தான் தெரியும்." இதை அவர் இங்கிலீஷிலும் சொன்னார். துரைசாணி புல்லில் நின்றபடியே திரும்பிச் சட்டென்று ஏதோ சொன்னார். அதில் அப்பு என்ற சொல் மட்டும் எங்களுக்குப் புரிந்தது. அது போதுமாக இருந்தது. மாமா தட்டத்தை மேசையில் வைத்தார், அதற்குப் பிறகுதான் கோப்பைகள் நின்றன.

இரண்டு துரைமார் ஏலம் கேட்ட மாப்பிள்ளை என்று கங்காணியே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். தை பிறந்ததும் தட்டு மாற்றினார்கள். மாமாவுக்கு ஐந்து பிள்ளைகள். பிறகு, மலையகத்தாரை இந்தியாவுக்கு அனுப்பியபோது, நான் கப்பலேறி மண்டபம் முகாமுக்கு வந்து, எந்த ஊரிலும் மூன்று வருஷம் தங்காமல், எத்தனையோ ஓட்டல் அடுப்புகளில் வெந்துவிட்டேன். கள்ளுப் போட்டுப் பழப் பாண் சுடலாம் என்று நான் சொன்னபோது எந்த முதலாளியும் நம்பவில்லை.

அன்று பங்களாவிலிருந்து திரும்பும்போது என் கையில் பாண் துண்டு இருந்தது. மாமா கோட்டுப் பைக்குள்ளிருந்து எடுத்துத் தந்தது. தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் இறங்கினோம். அம்மா முன்னால் போனார். எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது.

"ஏம்மா நாலுன்னு காட்டுன? நானும் தம்பியும் ரெண்டு பேருதானே?"

"வழியப் பாத்து நட" என்றார் அம்மா. தம்பியை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. அவருக்கு எண்ணத் தெரியாததில் எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் இங்கிலீஷ் படித்த துரைசாணிக்கும் எண்ணத் தெரியவில்லையே. ஒரு பிள்ளையும் இல்லாமல் ஒன்று என்று காட்டுகிறாரே. வீட்டுக்குப் போனதும் இதை முதல் வேலையாக அப்பாவிடம் சொல்லிச் சிரித்தேன். அம்மா காட்டியதுபோல நாலு விரல் காட்டினேன், துரைசாணி காட்டியதுபோல நடுங்குகிற ஒரு விரலும் காட்டினேன். வாச்சர் கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர் அப்பா. இதற்கும் சிரிப்பார் என்று காத்திருந்தேன்.

அப்பா எழுந்து உட்கார்ந்தார். என் விரல்களைப் பிடித்து, ஒவ்வொன்றாக மடக்கி, கையை என் மடியிலேயே வைத்துவிட்டு வெளியே போனார். எனக்கு என்ன விளையாட்டு என்று தெரியவில்லை. மிச்சப் பாணைத் தின்னத் தொடங்கினேன்.